வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா...

"வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அதற்குள் கார் கதவு சாத்திக்கொண்டது.

கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயோடு குனிந்திருந்த முகுந்தன் கழுத்தை நீட்டக்கூடிய அளவுக்கு நீட்டிப் பார்த்தார். கார் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவள் கணவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். 'ஆனா'வுக்குப் பிறகு ஒரு முழுக் கட்டுரையே ஓடுகிறது. ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. கார் முனையில் திரும்பி மறைந்தது. செருப்புக்குள் தண்ணீர் நிரம்பிய பிறகுதான், குழாய் திறந்தே இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

வீடு பார்க்க வந்தவர்களில் இது இருபத்து மூன்றாவது குடும்பம்.

மலேசியாவில், கிள்ளான் நகரில் இருந்த அந்த இரட்டை மாடி வரிசை வீடு விற்பனைக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கேட்டில் கட்டிய விளம்பரத் துணியில் ஏஜண்ட் ரமணியின் படம் இருந்தது. வெயில் முதலில் அவள் தலைமுடியைத் தின்றது. பிறகு மூக்கு. இப்போது பல்வரிசையும் போன் நம்பரும்தான் மிச்சம். அந்தத் தாமான் குடியிருப்பில் வழி சொல்பவர்கள், "பல்லு தொங்குற வீட்டுக்கு அடுத்த வீடு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

விற்றாக வேண்டும். முகுந்தனின் மனைவி உஷாராணியின் இரண்டு முழங்கால்களும் மாடிப்படியோடு உறவை முறித்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையறை மேலே. பீரோ மேலே. பால்கனியில் அவள் தொட்டியில் வளர்த்த மல்லிகை மேலே. அவள் மட்டும் கீழே, ஹாலில், சோபாவை ஒட்டிப் போட்ட ஒற்றைக் கட்டிலில். புடவை வேண்டுமென்றால் படிக்கட்டின் அடியில் நின்று குரல் கொடுப்பாள்.

"மாம்பழக் கலரு, பச்சை பார்டரு!"

முகுந்தன் மேலேயிருந்து எடுத்துக்கொண்டு வருவது பச்சைக் கலரும் மாம்பழ பார்டரும்.

"இதுவா மாம்பழக் கலரு?"

"இதுவும் மாம்பழந்தான் உஷா. இன்னும் பழுக்கல."

இப்படியாக, பதினான்கு மாதங்களாக உஷாராணி தான் நினைத்த புடவையைக் கட்டியதே இல்லை. மாடி இல்லாத ஒரு வீட்டுக்குப் போகவேண்டும், தன் பீரோவைத் தன் கையால் திறக்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையும் இல்லை. இது விற்றால்தான் அது.

வீட்டில் என்னதான் குறை?

இந்தக் கேள்வி வேறு யாரையும் விட முகுந்தனைத்தான் அதிகமாகக் குடைந்தது. ஏனென்றால் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். பொதுப்பணி இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் கட்டடப் பரிசோதகராக இருந்தவர். பள்ளிக்கூடமோ கிளினிக்கோ, அவர் தட்டிப் பார்த்துப் பட்டியல் எழுதி, பட்டியலில் உள்ளதெல்லாம் சரியான பிறகுதான் திறப்பு விழா. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சட்டைப் பை ஓய்வு பெறவில்லை. அதில் எப்போதும் ஒரு குட்டி டார்ச் லைட், டைல்ஸ் தட்டிப் பார்க்க ஓர் ஐம்பது காசு, ஒரு நோட்டுப் புத்தகம்.

அப்பேர்ப்பட்டவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறை எங்கேயோ ஒளிந்துகொண்டு, வருகிறவர்களுக்கு மட்டும் தரிசனம் தருகிறது!

அன்று காலையில் வந்தவர்களையும் அவர் நன்றாகத்தான் வரவேற்றார்.

"வாங்க வாங்க. செருப்போட வந்தாலும் பரவால்ல. இங்க கேளுங்க." குனிந்து ஐம்பது காசால் தரையைத் தட்டினார். "டக், டக். கேட்டுச்சா? இப்ப இங்க. ஜன்னலோரம், மூணாவது டைலு. டொக், டொக். அடியில காத்து. வெறும் காத்துதான், பயப்படாதீங்க."

அதுவரை அவர்கள் பயப்படவில்லை.

"மேல பாருங்க. டார்ச்சு எங்க போவுதோ அங்க பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு தெரியுதா? அது பூச்சு விரிசல். சுவரு விரிசல் இல்ல. சுவரு விரிசல் சமையல் ரூம்ல இருக்கு. காட்டறேன், வாங்க."

"அங்கிள், மழை பேஞ்சா ஒழுகுமா?"

"ச்சே ச்சே. சாதா மழைக்கெல்லாம் ஒழுகாது."

உஷாராணி நாலு கப் கோப்பியோடு சமையலறையிலிருந்து நொண்டி நொண்டி வந்து சேர்வதற்குள் வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கப்பைக் கணவனுக்கு எடுத்து வைத்தாள், இரண்டைத் தானே குடித்தாள். இருபத்து மூன்று குடும்பங்களின் கோப்பியை அவர்கள் இரண்டு பேருமே குடித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

"ஆனாவுக்கு அப்புறம் அந்தம்மா என்ன சொல்லியிருக்கும்?" என்றார் முகுந்தன், ஈரச் செருப்போடு உள்ளே வந்து.

"அவங்க வாய்க்குள்ள நானா உக்காந்திருந்தேன்?" உஷாராணி கப்பைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, ஆளுங்க வரும்போது நீங்க கொஞ்சம் பேசாமத்தான் இருந்து பாருங்களேன்."

"போன மாசம் பேசாமத்தானே இருந்தேன்?"

உண்மைதான். போன மாதம் வந்த குடும்பத்திடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முன்னால் நடந்து, ஒவ்வோர் இடமாக டார்ச் அடித்து, விரலால் சுட்டிக் காட்டினார், அவ்வளவுதான். இருபத்து மூன்று குடும்பங்களில் அந்தக் குடும்பம்தான் மிக வேகமாக வெளியேறியது.

ஒரு வாரம் முகுந்தன் துப்பறிந்தார். கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். சாமி படங்களை ஒருமுறை கிழக்கே பார்த்து மாட்டினார், ஒருமுறை மேற்கே. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். கடைசியில் சந்தேகம் பக்கத்து வீட்டுக் கார்த்திகேசுவின் மேல் விழுந்தது. வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"கார்த்தி, உண்மையச் சொல்லு. உன் கராவோக்கேதானே ஆளுங்கள விரட்டுது?"

"வர்றவங்க காலையில பத்து மணிக்கு வர்றாங்க. நான் பாடறது சாயங்காலம் லா."

"அப்ப உன் நாயி?"

"என்கிட்ட ஏது நாயி?"

"பின்ன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊளையிடறது?"

கார்த்திகேசு வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டினார். "அதான் கராவோக்கே," என்றார். பிறகு, பழிக்குப் பழி வாங்கும் சந்தோஷம் முகத்தில் பரவ, குரலைத் தாழ்த்தினார். "ஆனாவுக்கு அப்புறம் என்னன்னு நான் சொல்லட்டுமா, முகுந்தா? இந்தத் தாமானுக்கே தெரியும். உன் வீட்டுல..."

உள்ளேயிருந்து உஷாராணி இருமினாள். பெரிய இருமல் இல்லை. ஒரே ஓர் இருமல். கார்த்திகேசுவுக்கு அடுப்பில் என்னவோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வர, அவர் உள்ளே ஓடிவிட்டார்.

மறுநாள் உஷாராணி பத்திரிகையில் வீட்டு விளம்பரங்களை விரித்து வைத்து, அதன் மேல் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இவங்கெல்லாம் எப்படித்தான் வீட்டைக் காட்டி விக்கறாங்களோ. நேரா போய்ப் பாத்தாத்தான் தெரியும்போல," என்றாள். அவரிடம் இல்லை, பயத்தங்காயிடம்.

இருபது நிமிஷம் கழித்து முகுந்தன் ஹாலின் நடுவில் வந்து நின்றார். முகத்தில் ஒளி.

"உஷா, எனக்கு ஒரு ஐடியா வந்திருக்கு."

"உங்களுக்கா? சொல்லுங்க."

"நான் வீடு வாங்கறவனா மாறப்போறேன். வேஷம். நாலு வீட்டுக்குப் போய் வீடு பாக்கறேன். வாங்கறவன் மனசுல அந்த ஆனா எந்த எடத்துல முளைக்குதுன்னு எனக்குள்ளயே புடிச்சிடறேன்."

"ஐயோ, வேணாங்க. வெயிலு. ஜாமு. பெட்ரோலு வேற."

அவள் வேண்டாம் என்றதும் விஷயம் முடிவாகிவிட்டது.

"பேரையும் மாத்தியாச்சு. பாலன். மிஸ்டர் பாலன்."

"எடுப்பா இருக்கு."

"சனிக்கிழமைதான் எல்லாரும் வீடு காட்டறாங்க. காலையில போனா ஒரு மணிக்கு வந்துருவேன். அட்ரஸு ரமணிகிட்ட கேக்கணும்."

"இந்தாங்க, நாலு அனுப்பியிருக்கு," என்று உஷாராணி போனை நீட்டினாள். "போறதுதான் போறீங்க, மாடி இல்லாத வீடாப் பாருங்க. உங்க காலையாவது பத்திரமா வெச்சுக்கலாம்."

ரமணி எப்போது அனுப்பினாள் என்று அவர் கேட்கவில்லை. பெரிய யோசனை வந்த மனிதர்கள் சின்னச் சின்ன விவரங்களில் தங்குவதில்லை.

முதல் சனிக்கிழமை மேரு என்ற ஊர். தொழிற்பேட்டைக்குப் பக்கத்து வீடு. லோரி போகும்போதெல்லாம் கண்ணாடி அலமாரியில் தட்டுகள் தாளம் போட்டன. மிஸ்டர் பாலன் பத்தொன்பது குறை எழுதினார். எழுதியதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்காரரிடம் ஒவ்வொன்றாக விளக்கவும் செய்தார். ஆரம்பத்தில் "உக்காருங்க சார், தேத்தண்ணி குடிக்கறீங்களா?" என்றவர், பதினோராவது குறையில் "வேற வேலை இருக்கா சார்?" என்று கேட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை தெலுக் பங்லிமா காராங். இருபத்தேழு குறை. வீட்டுக்கார அம்மா ஒன்பதாவது குறையில் உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை.

சாயங்காலங்களில் நாற்காலியைக் கட்டிலின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் படித்துக் காட்டுவார். முப்பத்து நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல்முறையாக உஷாராணி அவருடைய பட்டியலைக் கவனமாகக் கேட்டாள். கேட்டது மட்டுமில்லை, கேள்வியும் கேட்டாள்.

"பாத்ரூம் வாசல்ல படி இருக்கா?"

"ஒரு படி. நாலு அங்குலம்."

"அப்ப வேணாம்."

"எது வேணாம்?"

"ஒண்ணுமில்ல, கொசு. மேல படிங்க."

தன் தொழிலின் அருமை கடைசியில் இவளுக்குப் புரிந்துவிட்டது என்று முகுந்தன் அடுத்த பக்கத்தை இன்னும் உரக்கப் படித்தார்.

ஆனால் பரிசோதகர் கண் சும்மா இருக்குமா? வீட்டில் சில மாற்றங்கள் அந்தக் கண்ணில் பட்டன. சனிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பினால் பாத்திரம் கழுவும் இடத்தில் ஆறு கப். ஆறும் காலி.

"யாரு வந்தா?"

"ரமணி."

"ஆறு கப்பா குடிச்சுது?"

"வெயில்ல வந்துச்சுல்ல."

இன்னொரு நாள் சோபாவின் இடுக்கில் ஒரு குழந்தையின் ஹேர்கிளிப். சிவப்பு, பட்டாம்பூச்சி போட்டது. "ரமணியோடதா?" என்றார். "இருக்கும்," என்றாள் உஷாராணி. மூன்றாவது சனிக்கிழமை ஹால் சுவரில் கல்யாணப் போட்டோவைக் காணோம். மாட்டியிருந்த இடத்தில் வெளிறிய ஒரு சதுரம்.

"நம்ம போட்டோ எங்க?"

"துடைக்க எடுத்தேன்."

"துடைச்சாச்சா?"

"முப்பத்து நாலு வருஷத்து அழுக்குங்க. ஒரு நாள்ல போவுமா?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் தனியாக எழுதி வைத்துக்கொண்டார்: கப், ஆறு. கிளிப், ஒன்று. போட்டோ, இல்லை. காரணம் என்ற இடத்தில் கேள்விக்குறி.

நான்காவது சனிக்கிழமை சாலாக் செலாத்தான். பச்சை கேட் போட்ட தரை வீடு. கதவைத் திறந்தது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். தனலெட்சுமி என்று பெயர் சொன்னாள், சிரித்த முகம்.

"வாங்க சார். ஏஜண்டு பொண்ணு சொல்லுச்சு. மிஸ்டர் பாலன்தானே? நீங்களே சுத்திப் பாருங்க. நான் இங்கதான் இருக்கேன்."

முகுந்தன் ஐம்பது காசை எடுத்தார். டக். அடுத்தது டக். ஹால் முழுக்க டக். சமையலறை டக். அவருக்கு லேசாக எரிச்சல் வந்தது. சுவரில் டார்ச் அடித்தார். தலைமுடி அளவு கோடுகூட இல்லை. கூரையைப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு அது ஓடும் வழியை உட்கார்ந்து கவனித்தார். தண்ணீர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நேராக நடந்து ஓட்டைக்குள் போனது. வாசலில்கூடப் படி இல்லை, சரிவாகக் கட்டியிருந்தது. நோட்டு காலியாகவே இருந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு பக்கம் காலியாக இருப்பதை அவர் பார்த்ததில்லை.

"யாரு கட்டினது?" அவர் குரலே தழைந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரருதான். கண்ட்ராக்டரு. பக்தவத்சலம்னு பேரு. ஒவ்வொரு டைலையும் சொந்தக் கையால பதிச்சாரு."

"அவர நான் பாக்கணுமே. எங்க?"

"வீடு பாக்கப் போயிருக்காரு."

"உங்க வீட்ட விக்கறதுக்கு ஆளு வர்ற நேரத்துல, அவரு வீடு பாக்கப் போயிட்டாரா?"

தனலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதுக்குத்தானே சார் அனுப்பறேன்! அவரு இருந்தா ஒரு ஈ, காக்கா வாங்காது. ஒன்பது மாசம் பாத்தேன். வர்றவங்கள உக்கார வெச்சு, இந்த டைலு எங்க வாங்கினேன், அந்த சிமெண்டு எப்படிக் கலந்தேன்னு ரெண்டு மணி நேரம். ஒருத்தரு தூங்கியே போயிட்டாரு. அப்பத்தான் ரமணி ஒரு வழி சொல்லுச்சு. சனிக்கிழமையானா வீடு பாக்க அனுப்பிருங்க ஆன்டி, அவருக்கும் பொழுது போவும், உங்களுக்கும் வீடு போவும்னுச்சு. எங்களுக்கும் மாடி வீடு ஒண்ணு வேணும் சார், பெரியவனுக்குக் கல்யாணம் வருது."

"நல்ல யோசனை," என்றார் முகுந்தன். ஊரில் எப்படியெல்லாம் கணவன்மார் இருக்கிறார்கள் என்று நினைத்து அவருக்கும் சிரிப்பு வந்தது.

"எனக்கு மட்டும் இல்ல சார். கிள்ளான்ல ஒரு அங்கிளு இருக்காராம். அவரு இன்னும் மோசமாம்!" தனலெட்சுமிக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "எங்க வீட்டுக்காரராவது பெருமைதான் பேசுவாரு. அந்த மனுஷன், வர்றவங்ககிட்ட சொந்த வீட்டோட ஓட்டை உடைசலையெல்லாம் டார்ச்சு அடிச்சு டார்ச்சு அடிச்சுக் காட்டுவாராம்! வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த அங்கிளு பேசறதக் கேட்டா பயமா இருக்குன்னு அத்தன பேரும் ஓடியே போயிட்டாங்களாம். பாவம், அந்தம்மாவும் இப்ப அவர வீடு பாக்க அனுப்புதாம்."

முகுந்தன் கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டார். அது உள்ளே போக மறுத்து வெளியே தலை நீட்டியது. கையால் பொத்திக்கொண்டார்.

"ஏன் சார் இப்படி வேர்க்குது? ஃபேன் போடவா?"

"வேணாம்மா." நோட்டை மூடினார். "உங்க வீட்டுக்காரரு... இன்னிக்கு எங்க வீடு பாக்கப் போயிருக்காரு?"

"கிள்ளானுக்குத்தான்."

கூட்டரசு நெடுஞ்சாலை முழுவதும் முகுந்தன் வசனம் தயாரித்தார். ஷா ஆலமுக்குள் முதல் பகுதி முடிந்தது. 'உஷா, முப்பத்து நாலு வருஷத்துல நான் உங்கிட்ட ஏதாச்சும் மறைச்சிருக்கேனா?' என்று அது தொடங்கியது. கிள்ளான் பாலம் ஏறும்போது இரண்டாம் பகுதி. அதில் ஆறு கப்பும் ஒரு ஹேர்கிளிப்பும் சாட்சிகளாக வந்தன. மூன்றாம் பகுதியில் அவரே கண் கலங்குவதாக இருந்தது.

கேட் திறந்திருந்தது. வாசலில் கனமான ஒரு ஜோடி பூட்ஸ். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

டக். டக். டக்.

ஹாலில், டிவி பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் நோக்கி, ஒரு பருத்த மனிதர் முழங்காலில் தவழ்ந்தபடி கார் சாவியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு வந்தார். படிக்கட்டின் அடியில் ஃபைலோடு நின்ற ரமணி வாசலைப் பார்த்தாள். கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. கேட்டில் தொங்கும் படத்தில் இருப்பதுபோலவே, முகத்தில் பல்வரிசை மட்டும் மிஞ்சியது.

முகுந்தன் முதல் பகுதியைத் தொடங்க வாயைத் திறந்தார்.

"வாங்க, மிஸ்டர் பாலன்," என்றாள் உஷாராணி, சோபாவில் உட்கார்ந்தபடியே. "நீங்களும் வீடு பாக்கத்தானே வந்தீங்க? உக்காருங்க."

திறந்த வாய் அப்படியே நின்றது. வெளிறிய சதுரத்துக்குக் கீழே இருந்த நாற்காலியின் நுனியில், சொந்த வீட்டில், முகுந்தன் விருந்தாளியாக உட்கார்ந்தார்.

தரையிலிருந்த பக்தவத்சலம் தலையைத் தூக்கினார். "இன்னொரு பார்ட்டியா?" என்றார் ரமணியைப் பார்த்து, கொஞ்சம் கலவரமாக.

"வீடுன்னா நாலு பேரு பாக்கத்தானே செய்வாங்க அங்கிள்," என்றாள் ரமணி, பேனாவைத் தேடிக்கொண்டே.

"மிஸ்டர் பாலன் நெறைய வீடு பாத்தவரு," என்றாள் உஷாராணி. "காலையில பாத்த வீட்டுல எத்தன குறை சார்?"

முகுந்தன் அவளை முறைத்தார். அவள் முறைப்பை வாங்கிக்கொள்ளவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். அவர் நோட்டைப் பிரித்தார். காலிப் பக்கம்.

"ஒண்ணும் இல்ல." பல் பிடுங்குவதுபோல அந்த வார்த்தை வெளியே வந்தது.

"பாத்ரூம் வாசல்ல படி?"

"இல்ல. வீட்டு வாசல்லகூட இல்ல. சரிவு."

உஷாராணி மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள். கை தானாக முழங்காலைத் தடவியது. ரமணியைப் பார்த்தாள். ரமணி ஃபைலில் என்னவோ குறித்துக்கொண்டாள்.

"எங்க சார் பாத்தீங்க?" என்றார் பக்தவத்சலம்.

"சாலாக் செலாத்தான்."

"பச்சை கேட்டா?"

"ஆமா."

"அது என் வீடு சார்!" பக்தவத்சலம் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணுகூட டொக்குன்னு சொல்லல."

பக்தவத்சலத்தின் கண் கலங்கியது. "ஒன்பது மாசமா எத்தன பேரு வந்தாங்க. ஒருத்தன்கூட குனிஞ்சு தட்டிப் பாக்கல சார். அந்த டைலு நான் ஈப்போவுலேருந்து..."

"அங்கிள், அத அப்புறம் சொல்லலாம்," என்றாள் ரமணி அவசரமாக.

"சரி, அப்புறம். சார், உங்களுக்கு வேலை தெரியுது. ஏஜண்டு சொன்னா நம்ப மாட்டேன், வீட்டுக்காரங்க சொன்னாலும் நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க." சாவியை எடுத்துக்கொண்டு அவர் மறுபடி ஜன்னல் பக்கம் தவழ ஆரம்பித்தார். டக். "இந்த வீடு எப்படி?"

முகுந்தன் கூரையை அண்ணாந்து பார்த்தார். முடி அளவு கோடு அங்கேயே இருந்தது. சட்டைப் பையில் டார்ச் கனத்தது. முப்பத்து மூன்று வருஷத்தில், கேட்டவருக்குக் குறை சொல்லாமல் அவர் ஒரு கட்டடத்தையும் விட்டதில்லை.

"வீடு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

டக்.

"நல்லாத்தான்னு இழுக்கறீங்களே சார். ஆனா?"

உஷாராணி இருமவில்லை. காலையில் அவர் எடுத்துக்கொடுத்த பச்சைக் கலர், மாம்பழ பார்டர் புடவையில், கையை முழங்கால் மேல் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவி அடுத்த டைலுக்கு வந்தது. டக். ஜன்னலோரத்து டொக்குக்கு இன்னும் ஒரு கை தூரம்.

முகுந்தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஜன்னல் பக்கம் நடந்தார். மூன்றாவது டைலின் மேல் போய், வெளியே வேடிக்கை பார்ப்பவர்போல, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றுகொண்டார்.